ஆட்கொணர்வு மனுவுக்குப் பின்னால் ஒரு பிரபு: ஷாப்ட்ஸ்பரியின் கதை

போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2013 ஆம் ஆண்டு. வவுனியாவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தமிழ் தட்டச்சு வேலையில் இருந்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அங்கே வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்லச் சத்தியக்கடதாசிகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. எந்தத் திகதி, எந்த இடம், யார் கண்டது, என்ன உடுப்பு, கடைசியாக என்ன சொன்னார்.

ஒரு நாள் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கையெழுத்து வைத்துவிட்டு உடனே எழும்பிப் போகவில்லை. தாளின் தலைப்பைக் காட்டிக் கேட்டார்.

"தம்பி, ஆட்கொணர்வு எண்டால் ஆளைக் கொண்டுவாறது தானே?"

"ஓம் அம்மா. ஆளைக் கோட்டிலை கொண்டுவந்து நிப்பாட்டச் சொல்லிக் கேக்கிறது."

"இதை ஆர் கண்டுபிடிச்சது? அவருக்கும் பிள்ளை காணாமல் போனதோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "வெள்ளைக்காரன்ரை காலத்துச் சட்டம் அம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருந்தது. பின்னர் தேடித் தேடி வாசித்தேன். இந்தக் கட்டுரை அவருக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில்.

இந்த மனுவைத் தனியொருவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பல்லும் நகமும் கொடுத்த 1679 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவருடைய பெயர் இணைந்திருக்கிறது. அவர் அந்தோனி ஆஷ்லி கூப்பர், ஷாப்ட்ஸ்பரியின் முதலாவது பிரபு. அவருக்குப் பிள்ளை காணாமல் போகவில்லை. சிறைக்குள் இருந்தபடி இதே மனுவைப் போட்டுத் தோற்றுப்போனவர் அவர்.

தாய் தந்தையற்ற சிறுவன்

கூப்பர் 1621 ஜூலை 22 இல் இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள டோர்செட் மாவட்டத்தில், விம்போர்ன் சென்ட் ஜைல்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெரும் நிலவுடைமைக் குடும்பம். ஏழு வயதளவில் தாயை இழந்தார். பத்து வயதாகுமுன் தந்தையும் போய்விட்டார்.

அக்காலத்து இங்கிலாந்தில் வயது வராத வாரிசுகளின் சொத்தை நிர்வகிக்க அரசருடைய நீதிமன்றம் ஒன்று இருந்தது. அநாதைகளைப் பாதுகாப்பது என்ற பெயரில் அது அவர்களின் சொத்தைக் கரைத்தது. கூப்பரின் காணிகளும் கடன் தீர்ப்பது என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கைமாறின. அதில் நெருங்கிய உறவினரும் பங்காளி. பதின்மூன்று வயதளவில் அந்தச் சிறுவன் தானே நேரில் போய், அப்போது சட்டமா அதிபராக இருந்த வில்லியம் நோயிடம் தன் வழக்கை எடுத்துப் பேசும்படி கேட்டதாகப் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். நோய் அதற்கு இணங்கினார்.

ஒக்ஸ்போர்டில் சிறிது காலம் படித்தார். பிறகு இலண்டனில் சட்டம் பயின்றார். 1640 இல், பதினெட்டு வயதிலேயே, டியூக்ஸ்பரித் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். அந்தப் பாராளுமன்றம் மூன்று வாரங்களே நீடித்தது. இரண்டு ஆண்டுகளில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது.

இரு பக்கமும் நின்றவர்

போரில் கூப்பர் முதலில் அரசர் முதலாம் சார்ள்ஸின் பக்கம் நின்றார். தன் செலவில் படை திரட்டினார். 1644 இன் தொடக்கத்தில் பதவிகளைத் துறந்து பாராளுமன்றத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் தன் சொந்த மாவட்டத்திலேயே பாராளுமன்றப் படைக்குத் தலைமை தாங்கினார். அப்பொட்ஸ்பரி என்ற ஊரை அவருடைய படை தாக்கியபோது அரச தரப்பினர் நிலைகொண்டிருந்த மாளிகை தீக்கிரையானது. போரின் கொடுமையை அவர் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்லர். அதைச் செய்தவர்களில் ஒருவர்.

அரசர் 1649 இல் தலை துண்டிக்கப்பட்ட பின்னர், ஒலிவர் குரொம்வெல்லின் ஆட்சியில் 1653 இல் அரச சபையில் இடம் பெற்றார். குரொம்வெல்லின் கையில் அதிகாரம் குவிந்தபோது விலகிக்கொண்டார். 1660 இல் முடியாட்சி திரும்ப வந்தபோது, நாடு கடந்து ஒல்லாந்தில் இருந்த இரண்டாம் சார்ள்ஸை அழைத்துவரப் போன பன்னிரண்டு பாராளுமன்றப் பிரதிநிதிகளில் அவரும் ஒருவர்.

அந்த ஆண்டு ஒக்ரோபரில், பழைய அரசரின் கொலைக்குப் பொறுப்பானவர்களை விசாரித்த நீதிபதிகளின் வரிசையிலும் அவர் அமர்ந்திருந்தார். எதிரிக் கூண்டில் நின்றவர்களில் தோமஸ் ஹரிசனும் இருந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் கூப்பரோடு ஒரே பாராளுமன்றத்தில் அமர்ந்தவர் அவர். ஹரிசன் தூக்கிலிடப்பட்டு உடல் கூறு போடப்பட்டார். கூப்பர் 1661 இல் பிரபுவாக்கப்பட்டு நிதிப் பொறுப்பும் பெற்றார்.

பக்கம் மாறி உயிர் தப்பியவர்களையும், மாறாமல் இறந்தவர்களையும் பார்த்த சமூகம் நாங்கள். இதை வாசித்தபோது எனக்கு அவர் மேல் மதிப்பு வரவில்லை. ஆனால் அதிகாரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேற்றைய நீதிபதி நாளைய கைதியாகலாம் என்பதை அவர் கண்முன்னே கண்டவர். அது பின்னால் உதவியது.

வெள்ளிக் குழாயும் தத்துவஞானியும்

1666 இல் ஒக்ஸ்போர்டில் அவர் சந்தித்த இளம் மருத்துவர் ஒருவர் மறு ஆண்டே அவருடைய இலண்டன் வீட்டில் குடியேறினார். அவர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அரசியல் தத்துவஞானி ஜோன் லொக். 1668 இல் கூப்பருக்கு ஈரலில் பெரிய கட்டி ஒன்று வந்தது. மயக்க மருந்தே இல்லாத காலத்தில், லொக்கின் மேற்பார்வையில் வயிற்றைக் கீறிக் கட்டியிலிருந்த நீரை வெளியேற்றினார்கள். மீண்டும் நீர் கட்டாதிருக்க வெள்ளிக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. அவர் பிழைத்தார். எதிரிகளோ அந்தக் குழாயைச் சாராயப் பீப்பாயின் குழாயோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார்கள்.

ஆட்சி என்பது மக்களின் சம்மதத்தில் நிற்பது, அந்த நம்பிக்கையை ஆட்சியாளர் மீறினால் மக்கள் எதிர்க்கலாம் என்ற லொக்கின் கருத்துகள் இந்த வீட்டின் அரசியல் சூழலில்தான் முதிர்ந்தன.

இதே வீட்டில் இன்னொன்றும் நடந்தது. வட அமெரிக்காவில் கரோலினாக் குடியேற்றத்தின் எட்டு உரிமையாளர்களில் கூப்பரும் ஒருவர். அதற்காக 1669 இல் எழுதப்பட்ட அடிப்படை யாப்பு மதச் சுதந்திரத்தைத் தாராளமாகக் கொடுத்தது. கறுப்பின அடிமைகள் மீது எசமானருக்கு முழு அதிகாரத்தையும் அதுவே கொடுத்தது. பார்படோஸ் தீவில் தோட்டம் வைத்திருந்தவர், அடிமை வியாபாரம் செய்த ஆபிரிக்கக் கம்பனியில் பங்கு வைத்திருந்தவர் கூப்பர். சுதந்திரத்தின் காவலர் என்று அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர் இதை அடிக்குறிப்பாகக்கூடப் போடவில்லை. இன்றும் சார்ள்ஸ்டன் நகரின் இரு பக்கமும் ஓடும் ஆறுகளுக்கு ஆஷ்லி, கூப்பர் என்றே பெயர்.

அமைச்சரிலிருந்து கைதியாக

1672 இல் அவர் ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவாக உயர்த்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் மிக உயர்ந்த சட்டப் பதவியான சான்சலர் பதவியையும் பெற்றார். ஒல்லாந்தரோடு போர் வேண்டும், அந்த நாடு அழிய வேண்டும் என்று 1673 இல் பாராளுமன்றத்தில் முழங்கினார்.

அதே ஆண்டில் அரசரோடு முறிவு ஏற்பட்டது. அரசருக்குச் சட்டப்படியான பிள்ளைகள் இல்லை. அடுத்த வாரிசான தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர். பிரான்ஸ் மன்னரைப்போலப் பாராளுமன்றமே இல்லாமல் ஆளும் ஆட்சி வந்துவிடும் என்று ஷாப்ட்ஸ்பரி அஞ்சினார். கத்தோலிக்கரை அரச பதவிகளிலிருந்து விலக்கிய சட்டத்தை ஆதரித்தார். 1673 நவம்பரில் பதவி பறிக்கப்பட்டது. அன்றிலிருந்து எதிரணியின் தலைவர் அவரே.

அரசர் பாராளுமன்றத்தைப் பதினைந்து மாதங்கள் கூட்டாமல் ஒத்திவைத்தார். 1677 பெப்ரவரியில் அது மீண்டும் கூடியபோது, ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாராளுமன்றம் கூடவேண்டும் என்று பழைய சட்டம் சொல்வதால் இந்தப் பாராளுமன்றம் கலைந்துவிட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று ஷாப்ட்ஸ்பரியும் இன்னும் மூன்று பிரபுக்களும் வாதிட்டார்கள். பிரபுக்கள் சபை அதை அவமதிப்பு என்றது. நால்வரும் இலண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

மற்ற மூவரும் சில மாதங்களில் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார்கள். ஷாப்ட்ஸ்பரி கேட்கவில்லை. ஜூன் மாதத்தில் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுச் செய்தார். தன்னை அடைத்த கட்டளையில் குற்றம் தெளிவாக எழுதப்படவில்லை, எவ்வளவு காலம் என்றும் சொல்லப்படவில்லை என்பது அவரது வாதம். பிரபுக்கள் சபையின் கட்டளையில் தலையிடத் தமக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் சொல்லி, அவரைத் திரும்பவும் கோபுரத்துக்கு அனுப்பினார்கள்.

ஓராண்டுக்கும் மேலாக உள்ளே இருந்த பின், 1678 பெப்ரவரியில் அவர் பணிந்தார். பிரபுக்கள் சபையின் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். சபையில் பேசிய பேச்சுக்கு மட்டுமன்றி, நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுக் கொண்டுபோனதற்கும் சேர்த்தே அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

மனுப் போட்டதே குற்றம். இந்த வரியை வாசித்தபோது எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன பலருடைய முகங்கள் நினைவுக்கு வந்தன. மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி வீட்டுக்கு ஆட்கள் வந்ததாக அவர்கள் சொன்னதை நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

1679: ஒரு சட்டத்தின் பிறப்பு

ஆட்கொணர்வு நீதிப்பேராணை அதற்கு முன்பே நூற்றாண்டுகளாக இங்கிலாந்தில் இருந்தது. ஹேபியஸ் கோர்பஸ் என்ற இலத்தீன் சொல் "உடலைக் கொண்டிருப்பாயாக" என்று பொருள்படும். கைதியை உயிருடன் கொண்டுவந்து, என்ன காரணத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று நீதிபதிக்குச் சொல் என்பதே அதன் கட்டளை. ஆனால் அதைத் தட்டிக்கழிக்க நூறு வழிகள் இருந்தன.

சிறையதிகாரி முதல் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது, மூன்றாவது கட்டளை வரும்வரை காத்திருப்பார். கைதியை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் சார்ள்ஸின் முதல் அமைச்சராக இருந்த கிளாரண்டன் பிரபு, கைதிகளைக் கடல் கடந்த தீவுகளுக்கும் கோட்டைகளுக்கும் அனுப்பிச் சட்டத்துக்கு எட்டாமல் வைத்தார் என்று 1667 இல் குற்றம் சாட்டப்பட்டார். 1676 இல் பிரான்சிஸ் ஜென்க்ஸ் என்ற இலண்டன் துணி வியாபாரி, புதிய பாராளுமன்றம் வேண்டும் என்று நகர மண்டபத்தில் பேசியதற்காக அடைக்கப்பட்டார். அவருடைய மனுவுக்கு, இப்போது நீதிமன்ற விடுமுறைக் காலம் என்று பதில் வந்தது.

இந்த ஓட்டைகளை அடைக்க 1668 முதல் பொதுமக்கள் சபை திரும்பத் திரும்பச் சட்டமூலம் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் அது தோற்றது. 1679 இல் புதிய பாராளுமன்றம் கூடியது. அரசர் ஷாப்ட்ஸ்பரியைச் சமாதானப்படுத்த எண்ணித் தன் ஆலோசனைச் சபையின் தலைவராக்கினார். ஷாப்ட்ஸ்பரி அந்தப் பதவியில் இருந்துகொண்டே சட்டமூலத்தைப் பிரபுக்கள் சபையில் முன்னெடுத்தார்.

மே 27, கூட்டத்தொடரின் கடைசி நாள். சட்டமூலத்தைக் காப்பாற்ற, பொதுமக்கள் சபையோடு மீண்டும் ஒருமுறை பேசவேண்டும் என்ற பிரேரணை பிரபுக்கள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 57, எதிர்ப்பு 55 எனப் பதிவானது. மொத்தம் 112. ஆனால் அன்று சபையில் இருந்ததாகப் பதிவானவர்கள் 107 பேர்தான். இதற்கு ஆயர் கில்பேர்ட் பேர்னற் பிற்காலத்தில் ஒரு கதை எழுதிவைத்தார். ஆதரவுத் தரப்பில் எண்ணிய கிறே பிரபு, மிகவும் பருத்த ஒரு பிரபு வந்தபோது பகிடிக்காக அவரைப் பத்து என்று எண்ணினாராம். எதிர்த்தரப்பில் எண்ணியவர் கவனிக்கவில்லை என்று கண்டதும் அப்படியே விட்டுவிட்டாராம். கதை எவ்வளவு உண்மையோ, கணக்கு இடிப்பது உண்மை. அன்றே அரசரின் ஒப்புதலும் கிடைத்துச் சட்டமானது. மக்கள் அதை ஷாப்ட்ஸ்பரியின் சட்டம் என்று அழைத்தார்கள்.

மணித்தியாலமும் மைலும் பவுணும்

இந்தச் சட்டத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது சுதந்திரம், மனித மாண்பு என்று பெரிய சொற்களை எதிர்பார்த்தேன். அவை இல்லை. இருந்தவை நாட்கணக்கும் தூரமும் தண்டப்பணமும்.

நீதிபதியின் கட்டளை கிடைத்தால் இருபது மைலுக்குள் உள்ள சிறையதிகாரி மூன்று நாட்களுக்குள் கைதியைக் கொண்டுவர வேண்டும். நூறு மைல் வரை பத்து நாட்கள். அதற்கு மேல் இருபது நாட்கள். எந்தக் கட்டளையின் பேரில் அடைக்கப்பட்டார் என்ற பிரதியைக் கைதி கேட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். மீறினால் முதல் தடவை நூறு பவுண், இரண்டாம் தடவை இருநூறு பவுணும் பதவி இழப்பும். விடுமுறைக் காலத்தில் மனுவை மறுக்கும் நீதிபதிக்கு ஐந்நூறு பவுண். இந்தத் தண்டம் பாதிக்கப்பட்டவருக்கே போய்ச் சேரும். ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்கு மீண்டும் அடைக்க முடியாது.

இராசத்துரோகம் போன்ற பாரிய குற்றம் கட்டளையில் தெளிவாக எழுதப்பட்டவர்களுக்கு உடனடி விடுதலை இல்லை. ஆனால் நீதிமன்றத்தின் அடுத்த அமர்வுக்குள் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால் பிணை. அதற்கடுத்த அமர்விலும் விசாரணை இல்லையென்றால் விடுதலை. குற்றப்பத்திரம் இல்லாமல் பத்து, பதினைந்து ஆண்டுகள் சிறையிலிருந்த எங்கள் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

கைதியைக் கடல் கடந்த இடத்துக்கு அனுப்புவது முற்றாகத் தடை செய்யப்பட்டது. அப்படி அனுப்பிய அதிகாரிக்கு அரசர்கூடப் பொதுமன்னிப்பு அளிக்க முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். மிருசுவில் படுகொலையில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்போடு வெளியே வந்ததைப் பார்த்த எங்களுக்கு, 340 ஆண்டுகளுக்கு முந்திய இந்த ஏற்பாட்டின் தூரதிருஷ்டி புரியும்.

சட்டத்தை எழுதியவர்கள் சிறையதிகாரியின் மனச்சாட்சியை நம்பவில்லை. நீதிபதியின் மனச்சாட்சியையும் நம்பவில்லை. இருவருடைய சட்டைப்பையிலும் கை வைத்தார்கள். ஏமாற்றப்படுவதன் ஒவ்வொரு வழியையும் அறிந்த கைதிகள் சொல்லிக்கொடுத்ததுபோல் அது எழுதப்பட்டிருக்கிறது.

அதே மனிதரின் மறுபக்கம்

அந்தச் சட்டம் நிறைவேறிய அதே காலத்தில் இங்கிலாந்தில் அப்பாவிகள் தூக்கிலிடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அரசரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்வதாக 1678 இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் ஒரு பொய்யைப் பரப்பினார். நாடே வெறிகொண்டது. ஜேம்ஸை அரியணையிலிருந்து விலக்குவதற்கு அந்தப் பயம் ஷாப்ட்ஸ்பரிக்கு வசதியாக இருந்தது. அவர் அதை ஊதிப் பெருப்பித்தார். பொய்ச்சாட்சிகளை ஆதரித்தார். வயோதிபரான ஸ்டஃபோர்ட் பிரபுவுக்கு எதிராக 1680 இல் குற்றவாளி என்று வாக்களித்தார். அவர் தலை துண்டிக்கப்பட்டார். 1681 ஜூலை 1 இல் அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஒலிவர் பிளங்கெற் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1975 இல் புனிதராக அறிவித்தவர் அவர்.

தனக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்ட மனிதர், தன் எதிரிகளுக்கு அது கிடைக்காதபோது பேசாமல் இருக்கவில்லை, அதற்கு உதவினார். நல்ல சட்டம் நல்லவர்களால்தான் வரும் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இவருடைய வாழ்க்கை உடைத்துவிடும்.

பிளங்கெற் தூக்கிலிடப்பட்ட மறுநாள், ஜூலை 2 இல், ஷாப்ட்ஸ்பரி இராசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். மீண்டும் அதே கோபுரம். இம்முறை அவர் கையில் அவருடைய சட்டம் இருந்தது. முதலில் போன நீதிமன்றம், கோபுரக் கைதிகள் தன் நியாயாதிக்கத்துக்குள் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. ஒக்ரோபரில் மீண்டும் மனுச் செய்தார். நவம்பர் 24 இல் வழக்கு பெரும் யூரி சபையின் முன் வந்தது. அவருக்கு ஆதரவான இலண்டன் நகரத்தார் நிறைந்த அந்த யூரி, வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அவர் பிணையில் வெளியே வந்தார். நகரத் தெருக்களில் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். கவிஞர் டிரைடன் அதே மாதம் அவரைச் சதிகாரனாகச் சித்திரித்து நையாண்டிக் காவியம் ஒன்றை வெளியிட்டார்.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டில் நகர நிர்வாகம் அரசரின் ஆட்களிடம் போனது. யூரியைத் தெரிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் போனால் தலை தப்பாது என்று ஷாப்ட்ஸ்பரிக்குத் தெரியும். வீடு வீடாக மறைந்திருந்தார். 1682 இன் இறுதியில் கடல் கடந்து ஒல்லாந்துக்குத் தப்பினார். அழிய வேண்டும் என்று அவர் முழங்கிய அதே நாடு அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. நாடு கடத்தப்படாமலிருக்க ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் குடியுரிமை பெற்றார். சில வாரங்களில், 1683 ஜனவரி 21 இல், அங்கேயே இறந்தார். உடல் கப்பலில் கொண்டுவரப்பட்டுப் பிறந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

சட்டம் கடல் கடந்தது

மனிதர் இறந்தார், சட்டம் நின்றது. அதைச் செய்தவர் நினைத்திராத இடங்களுக்கும் அந்த மனு போனது. 1771 இல், தேம்ஸ் நதியில் ஒரு கப்பலில் விலங்கிடப்பட்டிருந்த ஜேம்ஸ் சமர்செட் என்ற கறுப்பின அடிமையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியது ஆட்கொணர்வு நீதிப்பேராணைதான். அவர் விடுதலையானார். அடிமை வியாபாரத்தில் பங்கு வைத்திருந்த பிரபு பெயர்பெற்றுக் கொடுத்த பரிகாரம் ஓர் அடிமையின் கையில் ஆயுதமானது.

பிரித்தானிய ஆட்சியோடு அது இலங்கைக்கும் வந்தது. 1937 இல் பிறேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலியர், மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசியதால் ஆளுநரால் நாடுகடத்த உத்தரவிடப்பட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம் ஆளுநரின் கட்டளை சட்டவிரோதம் என்று அவரை விடுவித்தது. 1978 அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரை இந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் அதை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் கொடுத்தது. வவுனியாவில் எங்கள் அம்மாக்கள் மனுத் தாக்கல் செய்ய முடிந்தது அதனால்தான்.

1679 க்குச் சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1979 ஜூலையில், இலங்கைப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நிறைவேற்றியது. குற்றப்பத்திரம் இல்லாமல் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்க அமைச்சருக்கு அப்போது அதிகாரம் இருந்தது. எங்கே வைப்பது என்பதையும் அமைச்சரே தீர்மானிப்பார். அந்தக் கட்டளையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்றும் அதில் எழுதப்பட்டது. 1679 சட்டத்தைப் பக்கத்தில் வைத்து வாசித்தால், அங்கே அடைக்கப்பட்ட ஒவ்வொரு ஓட்டையும் இங்கே திறக்கப்பட்டிருப்பது தெரியும்.

"எங்களிடம் இல்லை"

ஆனால் ஷாப்ட்ஸ்பரியின் சட்டமும் அடைக்காமல் விட்ட ஓட்டை ஒன்று உண்டு. சிறையதிகாரி கைதியைத் தாமதமாகக் கொண்டுவந்தால் தண்டம். பிரதி கொடுக்காவிட்டால் தண்டம். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லவே இல்லை என்று சொன்னால்? சிறையதிகாரி சொன்ன பதில் பொய்யா என்று விசாரிக்கும் வழி அக்காலச் சட்டத்தில் குறுகியது. 1816 இல்தான் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதைச் சற்றே அகலமாக்கியது. 1677 இல் கோபுரத்தின் காவலர் ஷாப்ட்ஸ்பரி தன்னிடம் இல்லை என்று சொல்வதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊருக்கே தெரியும் அவர் உள்ளே இருப்பது.

வட்டுவாகலில் ஊரே பார்த்திருக்கக் கையளிக்கப்பட்டவர்களைப் பற்றி, எங்களிடம் இல்லை என்ற பதில் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த இரண்டு சொற்களை உடைப்பதற்குத்தான் எங்கள் தாய்மார் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கும் வவுனியாவுக்கும் ஆண்டுக்கணக்காக நடந்தார்கள்.

உடைக்கவே முடியாது என்றில்லை. தென்னிலங்கையில் 1989 காலப்பகுதியில் காணாமல் போன இளைஞர்கள் சம்பந்தமான மனுக்களில், பொலிஸாரின் மறுப்பை நிராகரித்த மேன்முறையீட்டு நீதிமன்றம் 1994 இல் பொறுப்பான அதிகாரியைக் குடும்பங்களுக்குப் பணம் செலுத்தச் சொன்னது. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றமும், சரணடைந்தவர்கள் பற்றிய மனுக்கள் சிலவற்றில் இராணுவம் பதில் சொல்லும் பொறுப்புடையது என்று தீர்ப்பளித்தது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டு இல்லையென்று மறுப்பதையே குற்றமாக்கியது. ஆனால் அது நடந்து முடிந்தவற்றுக்குப் பொருந்தாது என்று அரசாங்கத் தரப்பு அப்போதே சொல்லிவிட்டது. பிள்ளைகள் இன்னும் வரவில்லை.

அந்த அம்மாவைத் திரும்பக் கண்டால் இப்படிச் சொல்வேன். அம்மா, இதைச் செய்த மனிதர் நல்லவர் என்று சொல்ல முடியாது. அவருக்குப் பிள்ளை காணாமல் போகவில்லை. ஆனால் அவரும் மனுப் போட்டுத் தோற்றவர். மனுப் போட்டதற்காக முழந்தாளில் நின்றவர். தோற்று இரண்டு ஆண்டுகளில் சட்டத்தை மாற்றினார். அவருடைய தோல்வி எழுத்தில் இருந்தது. என்ன கேட்டார், நீதிபதி என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பது பதிவாக இருந்தது.

நீங்கள் சொல்ல நான் தட்டச்சு செய்ததும் எழுத்தில் இருக்கிறது. திகதி இருக்கிறது. இடம் இருக்கிறது. யார் கண்டது என்று இருக்கிறது. அவர்கள் சொன்ன பதிலும் அதே கோப்பில், உங்களுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.